நார்ஃபோக் கடற்கரையில் இலையுதிர்கால வலசை: மூன்று சனிக்கிழமை போயும் ஒன்றும் கிடைக்கவில்லை, எப்போதுதான் போவது?

செந்தில்_நாரிச் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்து நாரிச் நகருக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. ஊரில் கல்லூரிக் காலத்திலிருந்தே கரைவெட்டி, கோடியக்கரை என்று சுற்றியவன், அதனால் விடியலில் எழுந்து பைனாகுலரோடு கிளம்புவது பழக்கம்தான். ஆனால் இந்த ஊர் இலையுதிர்கால வலசை எனக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார், அக்டோபரில் நார்ஃபோக்கின் வடக்குக் கரைக்குப் போனால் சைபீரியாவிலிருந்து வரும் குருவிகூடப் புதரில் உட்கார்ந்திருக்கும் என்று. நம்பிக் கிளம்பினேன். செப்டம்பர் கடைசியில் ஒரு சனி, அக்டோபரில் இரண்டு சனி, மூன்றுமே க்ளே சதுப்புக்குத்தான். மூன்று நாளும் நல்ல வெயில், மேற்கிலிருந்து இதமான காற்று, வானம் பளிச்சென்று இருந்தது. பவளக்காலி பார்த்தேன், கருவால் மூக்கன் கூட்டம் பார்த்தேன், நாணலுக்கு மேல் தாழப் பறந்த சேற்றுப் பூனைப்பருந்தைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். குறை சொல்லவில்லை, எல்லாம் அழகுதான். ஆனால் புதருக்குள் ஒரு கதிர்க்குருவிகூட இல்லை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "நேற்று அல்ல, போன செவ்வாய்க்கிழமை வந்திருக்க வேண்டும், மரமெல்லாம் பறவை" என்றார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கேள்விகள் இவைதான். எந்த நாளில் போவது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? க்ளேயை விட்டு வேறு எங்கே போகலாம்? என்னிடம் 8×42 பைனாகுலர் மட்டும்தான் இருக்கிறது, டெலஸ்கோப் இல்லாமல் இங்கே காலம் தள்ள முடியுமா?

ஹோல்ட்_மீனா எழுதியது:

செந்தில், நீங்கள் நல்ல நாளாகப் பார்த்துப் போனதுதான் காரணம். நமக்கு நல்ல நாள் என்றால் பறவைக்கும் நல்ல நாள், அப்புறம் அது எதற்கு இங்கே இறங்க வேண்டும்?

நான் இந்தக் கரைக்குப் பக்கத்தில் குடிவந்து 14 வருடம் ஆகிறது. முதல் இரண்டு இலையுதிர்காலம் எனக்கும் இப்படித்தான் போயிற்று. அப்புறம்தான் கிழமையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வரைபடத்தில் ஒரு தடவை நார்ஃபோக்கைப் பாருங்கள். கிழக்கு இங்கிலாந்தின் மற்ற கரைகள் கிழக்கைப் பார்த்திருக்க, இது மட்டும் வடகடலுக்குள் முட்டிக்கொண்டு வடக்கைப் பார்த்து நிற்கிறது. செப்டம்பர், அக்டோபரில் நார்வே, ஸ்வீடன், டென்மார்க்கிலிருந்து சின்னச் சின்னக் குருவிகள் இரவில் கிளம்பித் தெற்கே ஸ்பெயினுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. அங்கே காற்றழுத்தம் கூடி வானம் தெளிந்தால் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். வானம் வழியெல்லாம் தெளிவாகவே இருந்தால் நம் கரை பக்கமே எட்டிப் பார்க்காது. ஆனால் நடுக்கடலில் மேகமும் தூறலும் மூடிக்கொண்டு, கூடவே கிழக்கோ தென்கிழக்கோ காற்று அடித்தால் நட்சத்திரம் தெரியாமல் திசை தடுமாறி மேற்கே தள்ளப்படும். விடியும்போது கண்ணில் படும் முதல் நிலம் எதுவோ அதில் விழும். விழும் என்றுதான் சொல்ல வேண்டும், இங்கேயும் அதை ஃபால் என்றுதான் சொல்கிறார்கள்.

1965 செப்டம்பர் 3-ஆம் தேதி பக்கத்து மாவட்டமான சஃபோக்கின் கரையில் அப்படி ஒரு இறக்கம் நடந்தது. இன்றைக்கும் பழைய ஆட்கள் அதைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசுவார்கள். லட்சக்கணக்கில் ரெட்ஸ்டார்ட், ஈப்பிடிப்பான், கதிர்க்குருவி எல்லாம் மழையோடு மழையாகத் தெருவிலும் தோட்டத்திலும் வந்து இறங்கின. அப்படி ஒன்று நம் வாழ்நாளில் வருமா தெரியாது, ஆனால் அதன் சின்ன வடிவம் ஒவ்வொரு வருடமும் மூன்று நான்கு நாளாவது நடக்கும். அந்த நாள் சனிக்கிழமையாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. எனக்கு ஷிஃப்ட் வேலை, அதனால் வாரநாளில் விடுப்பு கிடைக்கும், அதுதான் எனக்குக் கிடைத்த பெரிய வசதி.

எனவே தினமும் இரவு வானிலை வரைபடத்தைப் பாருங்கள். ஸ்காண்டிநேவியா மேல் உயரழுத்தம், நமக்குத் தெற்கே தாழ்வு, நடுவில் காற்றழுத்தக் கோடுகள் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகின்றன, விடியற்காலையில் நார்ஃபோக்கில் தூறல் என்று இருந்தால் அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள். தூறல் ஒன்பது பத்து மணிக்கு விட்டதும் புதரெல்லாம் அசைய ஆரம்பிக்கும். அன்று இரவே வானம் தெளிந்துவிட்டால் மறுநாள் போய்ப் பயனில்லை, எல்லாம் கிளம்பியிருக்கும். அந்தப் பெரியவர் செவ்வாய்க்கிழமை என்று சொன்னது இதனால்தான்.

ஒரு நாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில வருடத்துக்கு முன் அக்டோபர் நடுவில் க்ளே கடற்கரையிலிருந்து பிளேக்னி முனையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கூழாங்கல் மேட்டில் ஆறு கிலோமீட்டர், ஒவ்வொரு அடிக்கும் கால் புதையும். மூடுபனி, பத்தடிக்கு அப்பால் கடல் சத்தம் மட்டும்தான். ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றேன். என் பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளிப் புல் ஆடியது, காற்றே இல்லை, ஆனாலும் ஆடியது. குனிந்து பார்த்தால் கோல்ட்கிரெஸ்ட். பிரிட்டனின் ஆகச் சின்னப் பறவை, ஐந்து ஆறு கிராம், அதாவது ஒரு 20 பென்ஸ் நாணயத்தின் எடை. உச்சந்தலையில் மஞ்சள் கோடு நனைந்து ஒட்டிக்கிடந்தது. இரண்டு சிறகும் தொங்கிப்போய், புல் தாளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பூச்சி எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டே என் காலைச் சுற்றி வந்தது. என்னை ஒரு மரக்கட்டையாகக்கூட அது மதிக்கவில்லை, அதற்கு அப்போது வேண்டியது தீனி மட்டும்தான். இருபது நிமிடம் அசையாமல் நின்றேன். அந்தப் பத்து சென்டிமீட்டர்கூட இல்லாத உடம்பு இரவு முழுக்கக் கடல் தாண்டி வந்திருக்கிறது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் இதற்கு வைத்த பெயர் உட்காக் பைலட், உட்காக் என்ற பறவை வருவதற்கு ஓரிரு நாள் முன்னால் இது வந்து சேருமாம்.

இதனால்தான் சொல்கிறேன், அப்படிக் களைத்து வந்த பறவையைப் புதருக்குள் போய்க் கலைக்காதீர்கள், ஃபோனில் அதன் குரலைப் போட்டு வெளியே இழுக்காதீர்கள். தின்று முடித்தால்தான் அடுத்த இரவு அதற்குப் பறக்க பலம் வரும்.

காற்று வடக்கே, வடமேற்கே திரும்பிப் பலமாக அடித்தால் புதரை மறந்துவிட்டுக் கடலைப் பாருங்கள். ஷெரிங்கம் நடைபாதையில் காற்று மறைவாக ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். கானட், ஸ்கூவா, அதிர்ஷ்டம் இருந்தால் சூட்டி ஷியர்வாட்டர், நவம்பரானால் லிட்டில் ஆக் எல்லாம் கரையை ஒட்டிப் போகும். கரை வடக்கைப் பார்த்திருப்பதால் வெயில் எப்போதும் நம் முதுகுக்குப் பின்னால்தான், கண் கூசாது. கடலுக்கு மட்டும் டெலஸ்கோப் இருந்தால் நல்லது. மற்றபடி இப்போது வாங்க வேண்டாம், ஒரு வருடம் 8×42 போதும், பறவை பார்க்கும் மறைவுக் குடில்களில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் பார்க்கக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, எழுத்தில் அது க்ளே, உள்ளூர்க்காரர்கள் வாயில் க்ளை.

பருத்தித்துறை_ரவி எழுதியது:

மீனா அக்கா சொன்னது குருவிகளின் கதை, அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் தம்பி, சனிக்கிழமைதான் விடுப்பு என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. காற்றை முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் கடல் ஏறும் நேரத்தை வருடம் முழுக்கச் சொல்லலாம். நான் லண்டனில் இருந்து வருகிறவன், இரண்டரை மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து வெறுங்கையோடு திரும்ப எனக்கு விருப்பமில்லை, ஆனபடியால் ஸ்நெட்டிஷம்தான் போவேன்.

அங்கே வாஷ் என்ற பெரிய வளைகுடா. வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அந்தச் சேற்றில் நாட், பார்-டெயில்ட் காட்விட், டன்லின், கர்லூ என்று கரைப்பறவை எல்லாம் பரந்து மேயும், எங்கோ புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். பெரிய வெள்ளம் ஏறும் நாளில் சேறு முழுவதும் மூழ்கிவிடும். தண்ணீர் ஏற ஏறப் பறவை எல்லாம் கரை பக்கம் நெருக்கிக்கொண்டு வரும், கடைசிச் சேறும் மூழ்கும்போது ஒரேயடியாகக் கிளம்பித் தலைக்கு மேலே பறந்து பின்னால் இருக்கும் பழைய சரளைக்குழிக் குளங்களில் போய் இறங்கும். பல்லாயிரக்கணக்கான நாட். முதலில் இறக்கைச் சத்தம்தான் வரும், பெருமழை தகரக் கூரையில் வருகிற மாதிரி. வானத்தில் கூட்டம் திரும்பும்போது ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளி. கிரீன்லாந்திலும் கனடாவின் வடகோடியிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்த பறவைகள் அவை. குளத்தில் இறங்கியதும் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நிற்கும், பார்த்தால் கல் பாவிய தரை என்றுதான் நினைப்பீர்கள், அப்புறம் அந்தத் தரை நடக்கும்.

எல்லா ஏற்றத்துக்கும் இது நடக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம் வேண்டும், அதுவும் காலை வெளிச்சத்தில். இந்தக் கரையில் பெரிய ஏற்றங்கள் பெரும்பாலும் காலை ஆறு ஏழு எட்டு மணியை ஒட்டித்தான் வரும், அது நமக்கு வசதி. ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் அந்த நாட்களைப் பட்டியலாகவே போடுகிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், அதனால் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே நிற்கப் பாருங்கள்.

நான் எப்போதும் அமாவாசை ஏற்றத்தைத்தான் எடுப்பேன். ஏனென்றால் செப்டம்பர் நடுவிலிருந்து ஐஸ்லாந்து, கிரீன்லாந்திலிருந்து பிங்க்ஃபுட் வாத்துகள் வந்து இரவு வாஷ் சேற்றில் தங்கும். விடியும்போது கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு உள்நாட்டு வயலுக்குப் போகும், சர்க்கரைக் கிழங்கு அறுத்துப் போட்ட தலைப்பகுதிதான் அவற்றுக்குச் சாப்பாடு. பௌர்ணமி என்றால் நிலா வெளிச்சத்தில் இரவெல்லாம் வயலிலேயே மேய்ந்துவிடும், விடியலில் பறப்பது ஒழுங்காக இருக்காது. அமாவாசை என்றால் வாத்தும் வரும், ஏற்றமும் வரும், ஒரே காலையில் இரண்டும் கிடைக்கும். என் அம்மாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். வாத்து வரிசை வரிசையாக மேலே போவதைப் பார்த்துவிட்டு, "தொண்டைமானாற்றடியில் நாங்கள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தாரா இப்படித்தான் வரும்" என்றா. அதற்குப் பிறகு திரும்பி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

வேதாரண்யத்தான் எழுதியது:

இந்த இழையை ஊரிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நான் நார்ஃபோக்குக்கு ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறேன், தங்கை வீட்டுக்கு வந்தபோது, ஒரு அக்டோபரில். அப்போது நடந்ததைச் சொன்னால் செந்திலுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கரையோரம் ஒரு வேலியின் முன்னால் முப்பது நாற்பது பேர், பெரிய பெரிய லென்ஸோடு, மூச்சு விடாமல் நின்றார்கள். என்ன என்று கேட்டேன். பிளைத் ரீட் வார்ப்ளர் என்றார்கள். எனக்கு ஒரு நிமிடம் நம்ப முடியவில்லை. புதருக்குள்ளிருந்து "டக்… டக்" என்று நாக்கைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது என் வீட்டுக் கொல்லையின் சத்தம்! செப்டம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை செம்பருத்தி வேலியிலும் முருங்கை மரத்திலும் காலையில் பல் தேய்க்கும்போது கேட்கிற சத்தம். தமிழில் பிளித் நாணல் கதிர்க்குருவி என்று எழுதுகிறார்கள், நாணலில் நான் பார்த்ததைவிட வேலியில் பார்த்ததுதான் அதிகம். கல்கத்தாவில் ஏசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத் பெயர் அது.

அந்தக் குருவி பின்லாந்திலும் ரஷ்யாவிலும் கூடு கட்டுகிறது. இலையுதிர்காலத்தில் தென்கிழக்கே திரும்பி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவதுதான் அதன் வழி. அந்த வேலியில் இருந்தது வழி மாறி மேற்கே வந்த ஒன்று. அதே காட்டில் பிறந்த இன்னொன்று அந்த நேரம் என் கொல்லையில் இருந்திருக்கலாம். சூறைக்குருவியும் இதே கதைதான். நம் பக்கம் சோளக்கொல்லையில் கூட்டமாக இறங்கி இலையுதிர்ந்த மரத்தை ரோஜா நிறமாக்குகிற பறவை, அங்கே இலையுதிர்காலத்தில் சாம்பல் பூத்த இளம் குஞ்சு ஒன்று மைனா இனத்து ஸ்டார்லிங் கூட்டத்தோடு கூரையில் உட்கார்ந்தால் அதற்கு ஊரே வருகிறது.

அதனால் செந்தில், நீங்கள் புது ஆள் இல்லை. இங்கே பல வருடம் காதில் ஏற்றிக்கொண்ட சத்தங்கள் அங்கே பலருக்குக் கனவு. செப்டம்பரில் சதுப்பில் மூக்கு கீழே வளைந்த கர்லூ சாண்ட்பைப்பர், கொசு உள்ளான், பேதை உள்ளான் எல்லாம் வரும், அவை கோடியக்கரை உப்பளத்தில் நீங்கள் பார்த்தவைதான், உங்கள் கண் சட்டென்று பிடிக்கும்.

இன்னொன்று. அங்கே பறவை ஆட்கள் எல்லோரும் "சுவேடாவில் பார்த்தேன், சுவேடாவில் பார்த்தேன்" என்று சொன்னார்கள். பிளேக்னி முனையில் குருவிகள் முதலில் இறங்கும் அந்த உப்புப் புதர் என்ன என்று போய்த் தொட்டுப் பார்த்தேன். குண்டு குண்டாக, சாறு நிறைந்த இலை. கிள்ளி வாயில் போட்டேன், உப்பு கரித்தது. நம் உமரி! அதே குடும்பம், அதே பேரினம், செடி மட்டும் கொஞ்சம் உயரம். கடலோரத்துக்காரனுக்கு அது போதும், நான் அந்நிய மண்ணில் நிற்கவில்லை என்று தோன்றியது.

ட்விட்ச்_குமார் எழுதியது:

காற்று, நிலா எல்லாம் சரி. ஆனால் நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு நேரடி வழி, அரிய பறவைச் செய்தி தரும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு எது எங்கே இருக்கிறதோ அங்கே போவதுதான். முன்பு 70-களிலும் 80-களிலும் க்ளே கிராமத்து நான்சி கஃபேயில் ஒரு தொலைபேசி இருந்ததாம், நாடு முழுவதிலிருந்தும் அதற்குத்தான் அழைத்து என்ன பறவை வந்திருக்கிறது என்று கேட்பார்கள், சாப்பிட உட்கார்ந்தவரே எழுந்து போய் எடுத்துப் பதில் சொல்வார். இப்போது அது நம் பாக்கெட்டில் இருக்கிறது, பயன்படுத்துவதில் என்ன தப்பு? நான் போன வருடம் ஒரே வாரக் கடைசியில் ஆறு புதுப் பறவை பார்த்தேன்.

ஹோல்ட்_மீனா எழுதியது:

தப்பு என்று சொல்ல மாட்டேன் குமார், நானும் போயிருக்கிறேன். ஆனால் செந்தில் கேட்டது வலசை எப்படி நடக்கிறது என்று. ஆப்பைப் பார்த்துப் போனால் ஒரு பறவை கிடைக்கும், ஏன் அது அங்கே இருக்கிறது என்பது கிடைக்காது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு வாரம் இருமுறை நடந்து பாருங்கள், நேற்று மூன்று ராபின் இருந்த வேலியில் இன்று முப்பது இருந்தால் இரவு என்ன நடந்தது என்று உடம்பே சொல்லும். நாரிச்சில் இருந்துகொண்டே ஒன்று செய்யலாம், செந்தில். அக்டோபரில் இரவு பத்து மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்து விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். மேலே இருட்டில் மெல்லியதாக, கம்பியை இழுத்த மாதிரி "ஸீஈப்" என்று ஒரு சத்தம் போகும். ரெட்விங். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வருகிறது. நகரத்துக்கு நடுவில், பேருந்துச் சத்தத்துக்கு மேலே.

கவிதா_கேம்பிரிட்ஜ் எழுதியது:

குழந்தைகளோடு போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், டிச்வெல் பறவைக் காப்பகத்துக்குப் போங்கள். பாதை சமதளம், தள்ளுவண்டி போகும், கழிப்பறை, சிற்றுண்டிக்கடை இருக்கின்றன, கடைசியில் கடற்கரை. என் மகனுக்கு ஐந்து வயது, அவோசெட் தலையை இடமும் வலமும் ஆட்டிச் சேற்றைக் கலக்குவதைப் பார்த்துவிட்டு வீட்டில் சாம்பார் சாதத்தை அப்படித்தான் சாப்பிடுகிறான். கார் இல்லாதவர்கள் நாரிச்சிலிருந்து ரயிலில் ஷெரிங்கம் வந்து, அங்கிருந்து கரையோரப் பேருந்தில் க்ளே, வெல்ஸ் வரை போகலாம். ஞாயிற்றுக்கிழமை நேரம் மாறும், முதலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

செந்தில்_நாரிச் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வரியில் எழுத வந்தேன், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

ஞாயிறு இரவு வரைபடத்தைப் பார்த்தேன். மீனா அக்கா சொன்ன மாதிரியே நார்வே மேல் உயரழுத்தம், கோடுகள் கிழக்கிலிருந்து நேராக நம் பக்கம், திங்கள் விடியலில் தூறல். மேலாளரிடம் அரை நாள் விடுப்பு கேட்டேன், கொடுத்தார். இன்று காலை ஏழரைக்கு வெல்ஸ் பக்கத்துக் கடற்கரைக் காட்டில் இருந்தேன், பைன் மரங்களுக்குக் கீழே சிகமோர், பிர்ச். முதல் ஒன்றரை மணி நேரம் தூறல், ஒன்றுமே அசையவில்லை, லென்ஸைத் துடைத்துத் துடைத்துச் சட்டை முனை முழுக்க ஈரம். ஒன்பது மணிக்குத் தூறல் விட்டது.

அக்கா, புதர் எல்லாம் அசைந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கோல்ட்கிரெஸ்ட், எண்ணுவதை அறுபதோடு நிறுத்திவிட்டேன். ராபின்கள் பாதையில் எனக்கு முன்னால் எழும்பி எழும்பிப் போயின, தோட்டத்து ராபின் மாதிரி நின்று பார்க்கவில்லை, கூச்சப்பட்டுப் புதருக்குள் ஓடின. கடல் பக்கமிருந்து ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் கூட்டம் மரத்துக்கு மேலே உயரமே இல்லாமல் வந்து பெர்ரிப் புதரில் அப்படியே விழுந்தன. ஒரு பிளாக்பேர்ட் மணல்மேட்டில் சிறகை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, நான் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் போனேன்.

அப்புறம் ஒரு சிகமோரிலிருந்து மெல்லிய, மேலே ஏறுகிற "ட்சு-ஈஸ்ட்". ஊரில் பச்சைக் கதிர்க்குருவியின் "சிஸ்-லி"யைப் பல வருடம் கேட்டதால் அது கதிர்க்குருவிதான் என்று காது உடனே சொல்லிவிட்டது, ஆனால் அதே குரல் இல்லை. டிட் என்ற சின்னக் குருவிகளின் கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து ஒரு பழுத்த இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கி வெளிச்சத்துக்கு வந்தது. கண்ணுக்கு மேல் நீளமான வெளிர்மஞ்சள் புருவம், சிறகில் இரண்டு பட்டை, கோல்ட்கிரெஸ்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. யெல்லோ-ப்ரௌட் வார்ப்ளர். யூரல் மலைக்கு அந்தப் பக்கம், சைபீரியாவில் பிறந்தது. தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டியது. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா, தான் சின்ன வயதில் இதைப் பார்க்கப் பல வருடம் காத்திருந்ததாகவும், இப்போது ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் நிறைய வருவதாகவும் சொன்னார். இந்த வகையில் எனக்கு இதுதான் முதல் பறவை. அவர் டெலஸ்கோப்பைத் தாழ்த்தி என் உயரத்துக்குச் சரிசெய்து கொடுத்தார்.

பன்னிரண்டரைக்கு அலுவலகம் வந்துவிட்டேன், பூட்ஸ் முழுக்க மணல். இன்று இரவு வானம் தெளியும் என்கிறார்கள், ஜன்னலைத் திறந்து வைக்கப் போகிறேன். ரவி அண்ணா, அடுத்த அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை ஸ்நெட்டிஷத்துக்கு நீங்கள் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

பருத்தித்துறை_ரவி எழுதியது:

வருகிறேன் தம்பி. விடிய முன்னம் கார் நிறுத்துமிடத்தில் சந்திப்போம். நல்ல கையுறை கொண்டு வாருங்கள், அந்தக் காற்றில் பைனாகுலர் பிடிக்க விரல் வேண்டும்.

ஹோல்ட்_மீனா எழுதியது:

படித்துவிட்டு இரண்டு தடவை திரும்பப் படித்தேன், செந்தில். யெல்லோ-ப்ரௌட் எந்த மரத்தில் இருந்தது என்று குறித்து வைத்து ஈபேர்ட் பறவைப் பதிவுத் தளத்தில் போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை காற்று வடக்கே திரும்பி வலுக்கிறது, நான் ஏழரை மணிக்கு ஷெரிங்கத்தில் இருப்பேன். டெலஸ்கோப் என்னிடம் இருக்கிறது, ஃபிளாஸ்கில் இஞ்சி டீயும் இருக்கும், உங்களுக்கு முடிந்தால் வேலைக்குப் போகும் முன் வந்துவிட்டுப் போங்கள்.